ஓரகத்தியின் பிரஷ்

என் கொழுந்தனின் மனைவியை அந்த மாம்பழக்கூழ் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்ததே நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததை யாரிடம் சொல்லி அங்கலாய்த்தாலும், "நீதானே கூட்டிக்கினு போனே?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிடுகிறார்கள்.

கம்பெனி சித்தூரிலிருந்து புத்தூர் போகிற சாலையில், ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்தது. சீசன் வந்தால் தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் கேட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் நிற்கும். பழத்தைக் கூழாக்கி டின்னிலும் டிரம்மிலும் அடைத்து அனுப்புவார்கள். முன்பு சென்னையிலிருந்து ஒரு தரகர் வந்து எடுத்துப் போவாராம். வெளிநாட்டு வியாபாரமெல்லாம் திறந்துவிட்ட பிறகு நேராகக் கப்பலுக்கே போகிறது என்று மேனேஜர் பெருமையாகச் சொல்வார். கப்பலுக்குப் போக ஆரம்பித்ததால் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டர் வந்ததால் எனக்கு வேலை வந்தது.

நான் நகரிக்காரி. என் நைனா வீட்டில் பவர்லூம் சத்தத்துக்கு நடுவே படித்து வளர்ந்தவள். கல்யாணமாகி சித்தூர் வந்த பிறகு, பஜார் தெருவில் ஒரு சென்டரில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தேன். எங்கள் தெருவில் அதைப் படித்த முதல் மருமகள் நான். அந்த சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டி வைத்தது என் மாமியார்தான். என் வீட்டுக்காரர் திருப்பதியில் ஒரு லாட்ஜில் கணக்குப் பார்த்தார். காலை பஸ்ஸில் போனால் இருட்டும்போதுதான் வருவார். அவருக்கும் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில்தான் வேலை.

ஓரகத்தி குடுபல்லிப் பக்கத்துப் பெண். அப்பா அம்மா கூலிக்குப் போய், பிறகு கொஞ்சம் நிலம் பிடித்துப் பயிர் வைத்த குடும்பம். குப்பம் காலேஜில் பி.காம். படித்திருந்தாள். தமிழில் ஆரம்பித்த பேச்சைத் தெலுங்கில் முடிப்பாள். வந்த புதிதில் என்னை "யக்கா, யக்கா" என்று சுற்றிச் சுற்றி வந்தாள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று மேனேஜரிடம் சொல்லி, இரண்டாவது கம்ப்யூட்டரில் உட்கார வைத்தேன். ஒரே பஸ்ஸில் போவோம். ஒரே பானைச் சோறு, ஒரே குழம்பு, இரண்டு டப்பாவில். முதலில் ஏறுகிறவள் மற்றவளுக்கு ஜன்னலோரத்தில் இடம் பிடித்து வைப்பாள்.

பழம் இறங்க இறங்க அதை ஷீட்டில் ஏற்றுவது எங்கள் வேலை. பலமனேர் பக்கத்து லோடுக்கு ஓர் அட்டவணை, சந்திரகிரி பக்கத்துக்கு ஒன்று என்று ஊர்வாரியாகக் கீழே கீழே போய்க்கொண்டிருக்கும். எண்களை அடிப்பது ஒன்றும் பெரிதில்லை. மேனேஜருக்கு அழகு வேண்டும். தலைப்பு கருநீலத்தில், எழுத்து வெள்ளையில். அழுகல் அதிகமான லோடு இளஞ்சிவப்பில். மொத்தம் மஞ்சளில், கீழே இரட்டைக் கோடு. வாங்குகிறவன் பார்த்தால் எல்லா அட்டவணையும் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இருக்க வேண்டும் என்பார்.

இதற்கென்றே எக்செல்லில் சின்னதாக ஒரு பிரஷ் படம் உண்டு. அழகு பண்ணி முடித்த கட்டத்தில் நின்று அந்த பிரஷை அழுத்தி, வெறும் கட்டங்களின் மேல் இழுத்தால், எண் மாறாது, நிறமும் கோடும் மட்டும் வந்து ஏறிக்கொள்ளும். சென்டரில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு தரம் இழுத்ததும் பிரஷ் போய்விடும். அடுத்த அட்டவணைக்கு மறுபடி மேலே ஏறி, முதல் கட்டத்தில் நின்று, பிரஷை அழுத்தி, கீழே இறங்கி வரவேண்டும். ஒவ்வொரு செடிக்கும் குடத்தோடு கிணற்றுக்குப் போய்வருவது மாதிரிதான். அதற்கு வேறு வழி இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஓரகத்திக்கு அந்த பிரஷைக் காட்டிக்கொடுத்ததும் நான்தான். அவளும் என்னைப் போலவே ஏறி இறங்கி வேலை செய்தாள், என்னைவிடக் கொஞ்சம் மெதுவாக.

அந்த வருஷம் சீசன் தொடங்குகிற சமயத்தில் மாமியாருக்குக் கண் மங்கிப் போயிற்று. திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஒரு மருமகள் லீவு போட வேண்டும். மூத்தவள் நான் போவதுதான் முறை. ஆனால் மறுநாள் கம்பெனி முதலாளி வருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். முதலாளி வரும்போது ஆபீசில் நான் ஒருத்தியே இருக்க வேண்டும் என்று ஆசை. "நீ போய்ட்டு வாம்மா. எனக்கு இங்க வேலை தலைக்கு மேல கீது" என்று அவளை அனுப்பி வைத்தேன். அவளும் மாமியாரும் ஆஸ்பத்திரி முடித்து, என் வீட்டுக்காரரின் லாட்ஜில் சாயங்காலம் வரை இருந்து, அவரோடு சேர்ந்தே பஸ்ஸில் வந்தார்கள். முதலாளி அன்றைக்கு வரவேயில்லை.

அவள் எப்போது மாறினாள் என்று எனக்குத் தெரியாது. சீசன் உச்சத்தில், தலையைத் தூக்க நேரமில்லாத ஒரு மத்தியானம் திரும்பிப் பார்த்தால், அவள் ஷீட் முடித்துவிட்டு வளையலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பாதியில் இருந்தேன். அன்றைக்கு அவளுக்கு லோடு குறைவு என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் என் லோடிலும் பாதியை மேனேஜர் அவளிடம் தள்ளிவிட்டார். அதையும் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

மேனேஜர் தெலுங்குக்காரர். என்னிடம் வந்து, "மீ செல்லெலு சாலா ஃபாஸ்ட் அம்மா" என்றார். உங்கள் தங்கச்சி ரொம்ப வேகம் என்று. தங்கச்சி என்று சொன்னதால் நான் சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்தேன். வயிற்றில் மிளகாயை அரைத்துப் பூசியது மாதிரி எரிந்தது.

அன்றிலிருந்து என் கண் என் திரையில் இல்லை. பக்கவாட்டில் பார்ப்பேன். அவள் விரல் பிரஷ் பக்கம் போவது தெரியும், பிறகு கை கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும், அட்டவணைகள் வரிசையாக நீலமும் மஞ்சளுமாக மாறும். அவள் மேலே திரும்பிப் போவதே இல்லை. நடுவில் என்ன செய்கிறாள் என்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. கேட்டிருக்கலாம். அடுத்த நாற்காலிதான். ஆனால் நான் சொல்லிக்கொடுத்த ஒன்றை அவளிடமே திரும்பக் கேட்பதா? சர்டிபிகேட் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வாய் வரவில்லை.

அவள் கம்ப்யூட்டரில்தான் விஷயம் இருக்கிறது என்று ஒரு நாள் முடிவு கட்டினேன். அது புதிது, என்னுடையது பழசு. ஜன்னல் வெளிச்சம் என் கண்ணில் அடிக்கிறது, தலைவலி வருகிறது, இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். அவள் தன் தண்ணீர் பாட்டிலையும் மேசையில் வைத்திருந்த சின்னப் பிள்ளையாரையும் தூக்கிக்கொண்டு என் இடத்துக்குப் போனாள். நான் புது மிஷினில் உட்கார்ந்து பழைய வேகத்திலேயே ஏறி இறங்கினேன். அவள் பழைய மிஷினில் உட்கார்ந்து, எனக்கு முன்னால் முடித்துவிட்டு, "யக்கா, தலைவலிக்குத் தைலம் தடவட்டுமா?" என்று கேட்டாள்.

கிண்டலாகக் கேட்டிருந்தால் நான் பிழைத்துக்கொண்டிருப்பேன். அவள் உண்மையாகவே கேட்டாள்.

வீட்டிலும் அவள் பேச்சாகவே இருந்தது. சென்னையிலிருந்து சரக்கு பார்க்க வந்த ஆளுக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல ஷீட்டை மாற்றிக் காட்டச் சொன்னார் மேனேஜர். அந்த ஆளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவள் நான். இதை அவள் ராத்திரி சாப்பாட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கொழுந்தன் சொன்னான். என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சூட்டிகையான பொண்ணு, ஒரு தபா சொன்னா புடிச்சிக்கினு போய்க்கினே இருப்பா" என்றார். அவருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த நான் கரண்டியை நிறுத்திவிட்டேன். என்னைப் பற்றி அவர் இப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. மீதிக் குழம்பை அவரே ஊற்றிக்கொள்ளட்டும் என்று பாத்திரத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனேன். மறுநாளிலிருந்து பஸ்ஸில் அவளுக்கு இடம் பிடிப்பதையும் விட்டுவிட்டேன். அவள் நின்றுகொண்டே வந்தாள். ஏன் என்று கேட்கவும் இல்லை.

சீசன் முடிந்து சில மாதத்தில் கொழுந்தனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அப்போது எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளை பெங்களூர் பஸ் ஏறிக்கொண்டிருந்தான். பலமனேர் வழியாகப் போகிற பஸ்களில் பெட்டிகளும் பாயும் பக்கெட்டுமாகக் குடும்பங்கள் இருக்கும். இவர்களும் போனார்கள். பஸ் ஸ்டாண்டில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பஸ் நகர்ந்ததும், இனி அந்த அறையில் நான் ஒருத்தி என்று நினைத்தபோது, கண்ணீர் காய்வதற்கு முன்பே மனசு லேசாகிவிட்டது.

அந்த லேசு அடுத்த சீசன் வரைக்கும்தான் இருந்தது. இரண்டு பேர் வேலையும் என் தலையில் விழுந்தது. புதிதாக ஆள் எடுக்கத் தேவையில்லை, போன வருஷம் ஒருத்தியே இரண்டு பங்கு செய்தாளே என்று மேனேஜர் கணக்குப் போட்டுவிட்டார். நான் மேலே ஏறிக் கீழே இறங்கி மணிக்கட்டு வீங்கியது. ஷீட் தாமதமானது. ஒரு நாள் மேனேஜர் பொறுமை இழந்து, உங்கள் தங்கச்சிக்கு போன் போட்டு எப்படிச் செய்தாள் என்று கேளுங்களேன் என்றார். போட்டுப் பார்த்தேன், லைன் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். அவளுக்குப் பெங்களூரில் போன உடனேயே வேலை கிடைத்துவிட்டது என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

அந்த மே மாதம் ஊர்த் திருவிழாவான கங்கம்மா ஜாதரைக்கு அவள் வந்தாள். கம்பெனியில் வேலை பார்த்ததற்கு ஒரு சர்டிபிகேட் வாங்க வேண்டும் என்று என்னோடு பஸ் ஏறினாள். தலைமுடியைக் கழுத்தளவு வெட்டியிருந்தாள். கையில் சின்னதாக ஒரு செல்போன். மேனேஜர் எழுந்து நின்று அவளை வரவேற்றார். சர்டிபிகேட் டைப் ஆகிவரும் வரைக்கும் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். நான் வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். ஏதோ வீம்பில் நிறுத்தாமல் செய்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யக்கா, இன்னாத்துக்கு ஒவ்வொரு தபாவும் மேல போய்க்கினு வர்றே?" என்றாள். "அந்த பிரஷை ரெண்டு தபா படபடன்னு அழுத்து. அது போவாது, கையிலயே நிக்கும். நீ பாட்டுக்கு எத்தனி இடத்துல வேணும்னாலும் பூசிக்கினே போலாம். போதும்னா எஸ்கேப்."

நான் மறுபடி மேலே ஏறினேன்.

"மாமா உனக்குச் சொல்லலியா? அவருதான எனக்குக் காட்டுனாரு. அத்தைக்குக் கண்ணு பாக்கப் போனமே, அன்னிக்கி லாட்ஜுல."

"தெரியும்" என்றேன். "எனக்கு இதுதான் கைப்பழக்கம்."

அவள் நம்பிவிட்டாள். இல்லாவிட்டால் நம்பியது மாதிரி இருந்துவிட்டாள். அவள் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு போகிற வரைக்கும் நான் ஒவ்வொன்றாகவே ஏறி இறங்கினேன்.

அவள் போன பிறகு அழுத்திப் பார்த்தேன். இரண்டு தரம், படபடவென்று. பிரஷ் போகவில்லை. பலமனேர் நீலமானது, சந்திரகிரி நீலமானது, கீழே இருந்ததெல்லாம் நீலமானது. ஒரு சீசன் முழுக்க என்னைச் சுட்ட விஷயம் ஒரு விரல் தட்டு. அதில் எனக்குக் கோபமில்லை. என் நெஞ்சில் நின்றது வேறு. என் வீட்டுக்காரருக்கு இது தெரிந்திருக்கிறது. ராத்திரி ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, மணிக்கட்டு வலிக்கிறது என்று நான் சொன்னால் தைலத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டு, அவருக்கு இது தெரிந்தே இருந்திருக்கிறது. அவளுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்திருந்தால்கூட நான் சண்டை போட்டு, அழுது, நானும் ஒன்று வாங்கி, முடித்திருப்பேன். இதற்கு என்ன பெயர் வைத்துச் சண்டை போடுவது?

பெயர் வைக்காமலே போட்டேன். ஜாதரை முடிந்து அவள் பஸ் ஏறின அன்றைக்குச் சாயங்காலம், அவர் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருவதற்குள், லாட்ஜில் அவளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவருக்கு முதலில் நினைவே வரவில்லை. பிரஷ் என்று சொன்ன பிறகு, "ஓ, அதுவா" என்றார்.

"அவளுக்குச் சொன்னது எனக்குச் சொல்லணும்னு தோணலியா?"

"அவ கேட்டா, சொன்னேன். நீ கேக்கலியே."

"நான் கேக்கணுமா?"

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். கல்யாணமான புதிதில் ஒரு தடவை நான் கோர்ஸ் நோட்டை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேனாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொடுக்க வந்தாராம். சென்டர்ல சொன்னது எனக்குத் தெரியும், நீங்க உங்க வேலையைப் பாருங்க என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேனாம். "அதுலருந்து உனக்குப் போயி நான் சொல்லித் தர்றதான்னு இருந்துட்டேன்" என்றார்.

எனக்கு அது நினைவில்லை. ஆனால் அந்த வார்த்தைகள் என்னுடையவைதான், அதில் சந்தேகமில்லை.

அவளுக்குச் சொன்னதையெல்லாம் எனக்கும் சொல்ல வேண்டும், அதே இடத்தில் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். எனக்கே சிறுபிள்ளைத்தனமாகத்தான் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு டியூட்டி இருந்தது. கூடவே திருப்பதிக்குப் போனேன். லாட்ஜில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகள் கவுண்டரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தன. ஒருவருக்கும் ரூம் கிடைக்கவில்லை. உள்ளே ஒரு சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர், சுவரோரமாக ஒரு சோபா. அவர் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். மவுசைப் பிடித்திருந்த என் கையின் மேல் தன் கையை வைத்து, இரண்டு தரம் தட்டிக் காட்டினார்.

"அவ கையையும் இப்படித்தான் புடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

கையை எடுத்துக்கொண்டார். "எங்கம்மா அந்த சோபாவுலதான் குந்திக்கினு இருந்தாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. திரையில் இருந்த லாட்ஜ் பில்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நம்பினேன். அதற்கு முன்பும் நான் சந்தேகப்பட்டது அந்த மாதிரி இல்லை. அவர் ஒருத்திக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறார், அவள் கண்ணை விரித்துக் கேட்கிறாள், உடனே செய்து காட்டுகிறாள், அவர் முகம் மலர்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அது எனக்கு வந்திருக்க வேண்டியது. நானே தள்ளிவிட்டிருந்தாலும் எனக்கு வந்திருக்க வேண்டியதுதான்.

வேறென்ன காட்டினீர்கள் என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றார். இன்னும் ஏதாவது இருக்கும் என்று துருவித் துருவிக் கேட்டேன். அவருக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லித் தீர்க்க மத்தியானம் ஆகவில்லை. "இப்ப அவளுக்கு என்னைவிட ஜாஸ்தி தெரியும். எனக்கே சந்தேகம்னா அவளைத்தான் கேக்குறேன்" என்று சிரித்தார். பஸ் ஸ்டாண்டில் இட்லி வாங்கிக் கொடுத்தார். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

அந்த சீசனின் மீதியை நான் வேகமாகவே முடித்தேன். மேனேஜர் சந்தோஷப்பட்டார். தங்கச்சி வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாளா என்று கேட்டார். இல்லை, என் வீட்டுக்காரர் சொன்னார் என்றேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

சீசன் கடைசியில் ஒரு நாள் வீட்டுக்கு அவள் போன் வந்தது. அவர்தான் எடுத்தார். நான் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். இவர் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டது. அப்படியா, அப்படியா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார். ஒரு தோசை கருகிப் போயிற்று. அவர் போனை வைத்ததும் வெளியே வந்து, என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

அவள் ஆபீசில் இப்போது பிரஷ் பிடிப்பதே இல்லையாம். நம் ஷீட்டில் என்றால், அழுகல் இவ்வளவுக்கு மேல் போனால் சிவப்பு என்று முதலிலேயே ஒரு தரம் சொல்லி வைத்துவிட்டால், எண் அடிக்க அடிக்க ஷீட்டே நிறம் மாற்றிக்கொள்ளுமாம். எப்படி என்று கேட்டீர்களா என்றேன். முழுசாகப் பிடிபடவில்லை, நாளைக்கு நன்றாகக் கேட்டு வைத்துக்கொண்டு சொல்கிறேன் என்றார்.

"நீங்க வேணாம். நானே கேக்குறேன்" என்றேன்.

அடுப்பை அணைத்துவிட்டு, மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவள் நம்பரைப் போட்டேன். "யக்கா" என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. எனக்குத் தெரியாது, சொல்லு என்றேன். அவள் நிதானமாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். எங்கே போக வேண்டும், எதை அழுத்த வேண்டும், எண்ணை எங்கே எழுத வேண்டும் என்று. நான் காலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதிக்கொண்டேன். பாதிதான் புரிந்தது. அவளுக்குக் கீழே இப்போது நான்கு பெண்கள் வேலை பார்க்கிறார்கள் என்றும் நடுவில் சொன்னாள். அந்த இடத்தில் எனக்கு வயிறு மறுபடி எரிந்தது. சந்தோஷம்மா என்று சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.

மறுநாள் கம்பெனியில் செய்து பார்த்தேன். முதல் தடவை ஷீட் முழுக்கச் சிவப்பாகிவிட்டது.